மேகத்தைச் சுட்ட என் அண்ணன்

என் அண்ணன் லோவ்ரோ தன் வாழ்நாளில் எங்கள் ஊருக்கு இரண்டு புதிய விஷயங்களைக் கொண்டுவந்தார். முதலாவது ஊரைக் காப்பாற்றியது. அதற்கு யாரும் நன்றி சொன்னதாக எனக்கு நினைவில்லை. இரண்டாவது ஒன்றுக்கும் உதவாது என்று அவரே கண்டறிந்து, அவரே ஊரைக் கூட்டிச் சொன்னார். அதற்காகத்தான் ஊர் அவரை இன்றும் கொண்டாடிக்கொண்டிருக்கிறது.

போர் முடிந்த கையோடு வந்த காய்ச்சலில், இந்த வருஷம் பிப்ரவரியில், அவர் இறந்துபோனார். வயது ஐம்பத்தைந்து. அடக்கத்தின்போது பங்குச் சாமியார், "வானத்தோடு போரிட்டு நம் தோட்டங்களைக் காத்தவர்" என்றார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த நான் வாயைத் திறக்கவில்லை. பெட்டிக்குள் இருந்தவர் எழுந்து மறுத்துப் பேச முடியாத நாள் அது ஒன்றுதான். அதற்கு முன் பதினான்கு வருஷம் மறுத்துக்கொண்டே இருந்தார். அதை நேராகச் சொல்லவாவது ஓர் ஆள் வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் பிரேசோவெட்ஸ், திராவா ஆற்றுக்குத் தெற்கே உள்ள மேடுகளில் ஒன்று. சரிவெல்லாம் திராட்சை. எங்கள் அப்பா கோயிலில் மணியடிப்பவர். பூசைக்கு மட்டுமல்ல, மேகத்துக்கும் அவர் மணியடிக்க வேண்டும். கோடையில் மேற்கே கறுத்தால் கோபுரத்துக்கு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்துவிடுவார். மணியோசை எட்டும் தூரம் வரை ஆலங்கட்டி விழாது என்று எல்லாரும் நம்பினார்கள். நூறு வருஷத்துக்கு முன்பே ஒரு சக்கரவர்த்தி இதைத் தடை செய்திருந்தாராம். தடை தலைநகரத்தில் இருந்தது. மேகம் எங்கள் ஊரில் இருந்தது. 1877ஆம் வருஷம் ஜூலையில் மின்னல் கோபுரத்தில் இறங்கியபோது அப்பாவின் கையில் நனைந்த கயிறு இருந்தது. அண்ணனுக்குப் பதின்மூன்று வயது. எனக்கு ஒன்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் புதிய மணிக்காரர் வந்துவிட்டார். கயிறும் புதிது. அப்பா இறந்ததைவிட இது தன்னை அதிகம் உலுக்கியதாக அண்ணன் பிற்பாடு என்னிடம் சொன்னார். "ஒருத்தராவது 'இனிமே வேண்டாம்'னு சொல்லுவாங்கன்னு பார்த்தேன்டா. ஒருத்தரும் சொல்லல. அப்பா சரியான நேரத்துக்கு அடிக்க ஆரம்பிக்கலன்னு பேசிக்கிட்டாங்க."

நான்கு வருஷப் பள்ளிக்கூடம்தான் அண்ணனுக்கு. ஆனாலும் எதையும் கேள்வி கேட்டுப் பார்க்கிற புத்தி அந்த வாரத்தில் அவருக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது என்று நினைக்கிறேன்.

அவருக்கு இருபத்தெட்டு வயதானபோது வேர்ப்பேன் எங்கள் மேட்டுக்கு வந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய மஞ்சள் பூச்சி. வேரில் உட்கார்ந்து உறிஞ்சும். இலை வாடும், மூன்றாம் வருஷம் செடி விறகாகிவிடும். ஊர் மூன்று முறை திருப்பவனி போயிற்று. அண்ணன் மரிபோர் நகரத்துக்கு நடந்துபோய், சர்க்கார் நாற்றுப்பண்ணையில் ஒரு குளிர்காலம் முழுக்க வேலை செய்து, அமெரிக்கக் காட்டுத் திராட்சையின் வேர்மேல் நம் கொடியை ஒட்டுக்கட்டக் கற்றுக்கொண்டு வந்தார். அந்த வேரைப் பூச்சி தின்னாது.

பக்கத்துச் சரிவுக்காரர் காஷ்பர், அண்ணனின் வயதுதான், நாக்கு மட்டும் கத்தரிக்கோல். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்பார்: "ஏன்டா லோவ்ரோ, அமெரிக்காக்காரன் கால்ல நம்ம உடம்பை ஒட்ட வைக்கிறியாமே? அப்புறம் அந்த ஒயினைக் குடிச்சா நான் என் பொண்டாட்டிகிட்ட இங்கிலீஷ்லயா பேசணும்?"

"எந்த மொழியில பேசினாலும் அவ உன்னைத் திட்டத்தான் போறா, கவலைப்படாதே."

நான்காம் வருஷம் காஷ்பரின் தோட்டம் முழுக்க விறகாகி நின்றது. அண்ணனுடையது பச்சை. காஷ்பர் ஒரு கூடை முட்டையோடு வந்தார். அண்ணன் எதையும் குத்திக்காட்டவில்லை, ஒட்டுக்கட்டிக் கொடுத்தார். பிறகு ஊர் முழுக்க வந்தது. இரண்டு குளிர்காலம் அண்ணனின் சமையலறையில் கத்தியும் நாரும் மெழுகுமாக ஆட்கள். அண்ணி அகாதா எல்லாருக்கும் பூசணி விதை எண்ணெய் ஊற்றிக் கூழ் பரிமாறிப் பரிமாறிக் கை ஓய்ந்துபோனார். இன்று பிரேசோவெட்ஸில் நிற்கும் ஒவ்வொரு கொடிக்கும் கீழே இருப்பது அண்ணன் கொண்டுவந்த வேர். அது மண்ணுக்குள் இருக்கிறது. அதனால் அதை யாரும் பார்ப்பதில்லை.

இதைச் சொல்லாமல் பீரங்கிக் கதையைச் சொல்ல முடியாது. ஏனென்றால் 1899இல் அண்ணன், "மேகத்தைச் சுட்டு ஆலங்கட்டியை நிறுத்தலாமாம், எல்லா ஊரிலும் செய்கிறார்கள்" என்று சொன்னபோது ஊர் அவரைக் கேலி செய்யவில்லை. ஒரு முறை கேலி செய்து சூடுபட்டிருந்தார்கள். பூச்சி விஷயத்தில் அவன் சொன்னது பலித்ததே என்றார்கள். காஷ்பர்தான் முதலில் கை தூக்கினார்.

பீரங்கி என்றால் போர்ப் பீரங்கி அல்ல. இரண்டு ஆள் உயரத்துக்கு, வாய் அகன்ற தகரப் புனல், வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். அடியில் இரும்பு உரல் மாதிரி ஒரு குழி. அதில் வெடிமருந்தை இடித்துப் பற்றவைத்தால் மலை அதிரும். புனலிலிருந்து ஒரு புகை வளையம் சீழ்க்கையடித்துக்கொண்டு மேலே ஏறும். அந்தச் சீழ்க்கைதான் எல்லாரையும் மயக்கியது. மேலே ஏதோ போகிறது என்று காதே சாட்சி சொல்லும்போது அறிவு எதற்கு? அந்த வருஷம் எங்களைச் சுற்றியிருந்த மேடுகளில் மட்டும் முப்பது பீரங்கிகள் நின்றன. எங்களுடையதை அண்ணனின் தோட்டத்துக்கு மேலே, மேடு முடிகிற இடத்தில், ஒரு மரக் குடிசையோடு நிறுவினார்கள். தீயணைப்புப் படையின் வாத்தியக் குழு வந்தது. மாவட்டத்திலிருந்து வந்த ஒரு தொப்பிக்காரர் அரைமணி நேரம் அறிவியலின் நூற்றாண்டைப் பற்றிப் பேசினார். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அண்ணன் முதல் வேட்டைச் சுட்டபோது பெண்கள் அழுதார்கள். கிராஸ் நகரத்திலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த நானும் கைதட்டினேன். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கும் சந்தேகம் வரவில்லை என்பதை இங்கே எழுதிவைக்க வேண்டும்.

அந்தக் கோடையில் ஆலங்கட்டி விழவில்லை. அடுத்த கோடையிலும் இல்லை. மூன்றாம் கோடையில், சுடச் சுட விழுந்தது. தாமதமாகத் தொடங்கிவிட்டோம் என்றார்கள். அண்ணனும் அப்படித்தான் நினைத்தார். ஆகவே நான்காம் கோடையில் வேகமாகச் சுட்டார்கள். ஒரு வேட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே இரும்பு ஆறுவதற்குள் மருந்து போட்டார்கள். உள்ளே நெருப்புத் துணுக்கு ஒன்று மிச்சமிருந்திருக்கிறது. காஷ்பர் மருந்தை இடித்துக்கொண்டிருந்தபோது அது பற்றிக்கொண்டது. வலது கையில் மூன்று விரல்கள் போயின. இடது காது செத்தது.

அன்றைக்கு ஆலங்கட்டி விழவில்லை. ஆகவே காஷ்பரின் விரல்கள் ஊரைக் காப்பாற்றிவிட்டதாக ஆயிற்று.

1905ஆம் வருஷம் ஈஸ்டர் விடுமுறையில் நான் ஊருக்கு வந்தபோது என் பெட்டியில் ஒரு அச்சிட்ட அறிக்கை இருந்தது. எங்கள் அரசாங்கமும் இத்தாலி அரசாங்கமும் இரண்டு கோடைகள் தனித்தனியாகச் சோதனை நடத்தியிருந்தன. ஒரு வட்டாரம் முழுக்கப் பீரங்கிகளை நிறுத்தி, தேர்ந்த ஆட்களை வைத்துச் சுட்டுப் பார்த்தார்கள். சுட்ட இடத்தில் ஆலங்கட்டி விழுந்தது. பக்கத்தில் சுடாத இடத்தில் எப்படி விழுந்ததோ அப்படியே. புகை வளையம் மேகத்தின் அடியைக்கூட எட்டுவதில்லை.

சமையலறை மேசையில் பன்றித் தொடையும் துருவிய, முள்ளங்கி மாதிரிக் காட்டமான ஒரு வேரும் வால்நட் ரொட்டியும் இருந்தன. அண்ணன் ஒரு கவளமும் எடுக்காமல் என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். அவர் கேட்ட கேள்விகளை என் பேராசிரியர்கள் கேட்டிருந்தால் பெருமைப்பட்டிருப்பேன்.

"ரெண்டு கோடைதானே? ரெண்டு கோடை போதுமா?"

"நிறைய பீரங்கி, நிறைய மேகம் அண்ணே. அதனால போதும்."

"சுட்டவங்க ஒழுங்கா சுட்டாங்கன்னு யாரு பார்த்தது?"

"சுடுறதை நம்பினவங்களையே பார்க்க வெச்சாங்க."

அவர் அறிக்கையை வாங்கி, ஜெர்மன் சரியாகப் படிக்க வராவிட்டாலும், எண்கள் இருந்த பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு கேட்டார்:

"அப்போ காஷ்பரோட விரலுக்கு என்னடா பதில்?"

அந்தக் கேள்விக்கு அறிக்கையில் பக்கம் இல்லை.

எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் இதில்தான். பீரங்கி வந்தபோது வாத்தியம் வந்தது, தொப்பிக்காரர் வந்தார், தீர்த்தம் வந்தது. அது வீண் என்று தெரிந்தபோது ஒரு தபால்கூட வரவில்லை. அறிஞர்கள் அறிக்கையை அச்சிட்டு, அலமாரியில் வைத்து, அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான்கு வருஷம் பள்ளிக்கூடம் போன ஒரு திராட்சைக்காரர் ஊரின் முன்னால் நின்று அதைச் சொல்ல வேண்டியதாயிற்று.

ஞாயிறு பூசை முடிந்து, கோயிலுக்கு எதிரே இருந்த மதுக்கடையில் அண்ணன் எழுந்து நின்று, அந்தச் சோதனைகளின் முடிவைச் சொன்னார். "இன்னொருத்தர் கை போறதுக்கு முன்னாடி இதை நிறுத்திடணும். கொண்டுவந்தவன் நான். தப்பு பண்ணிட்டேன்."

உடனே எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"அந்த ஊர்க்காரனுங்க எதைப் பார்த்துச் சுட்டாங்களாம்? கடிகாரத்தையா, மேகத்தையா?" என்றார் காஷ்பர்.

"ரெண்டையும்."

"அதான் பாத்தியா! ரெண்டையும் பார்க்கிறவன் ஒண்ணையும் பார்க்கல."

ஊர்ஷா என்ற விதவை, எட்டு வரிசைத் திராட்சையை ஒற்றை ஆளாகப் பார்ப்பவர், கையை இடுப்பில் வைத்துக்கொண்டு எழுந்தார். "பீரங்கி வந்து ஆறு வருஷமாச்சு. எந்தோட்டத்துல ஒரே ஒரு தடவைதான் கட்டி விழுந்திருக்கு. அதுக்கு என்ன சொல்றே?"

"அதுக்கு முந்தின ஆறு வருஷத்துல எத்தனை தடவை விழுந்துச்சு ஊர்ஷா?"

அவர் விரல்விட்டு யோசித்தார். "ஒரு தடவை."

"அப்போ?"

"அப்போ மணியடிச்சோமே!"

கடை முழுக்கத் தலையாட்டியது. அண்ணன் சாமியாரைப் பார்த்தார். சாமியார் தன் குவளையைப் பார்த்தார். "என்னை ஏன்பா இழுக்கிறே? நான் மணியையும் மந்திரிச்சேன், பீரங்கியையும் மந்திரிச்சேன். எதைன்னு திரும்ப வாங்கிக்கிறது?"

பிறகு காஷ்பர் எழுந்தார். வலது கையை மேசைமேல் வைத்தார். கட்டைவிரலும் அதற்கு அடுத்ததும் மட்டும்.

"லோவ்ரோ, என்னைப் பார்த்துச் சொல்லு. இது எதுக்குப் போச்சு? சும்மாவா போச்சு?"

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் பொய் சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"சும்மாதான் போச்சு காஷ்பர். என்னாலதான் போச்சு."

காஷ்பர் குவளையைக் கையோடு எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அந்தக் குவளை பிறகு கடைக்குத் திரும்பவே இல்லை.

அண்ணன் குடிசைக்குப் புதிய பூட்டுப் போட்டார். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். ஒரே ஒரு கோடை சுடாமல் பார்ப்போம், விழுந்தால் என்னைக் கட்டிப்போட்டு அடியுங்கள் என்றார். அண்ணிக்கு அது பெரிய தண்டனையாகிவிட்டது. மேகம் கறுத்தால் போதும், வாசலில் கூட்டம். "சாவியைக் குடு" என்று கத்துவார்கள். அண்ணி கதவுக்குப் பின்னால் நின்று, "குடுத்துத் தொலைங்களேன், சத்தம்தானே, போட்டுட்டுப் போகட்டும்" என்று அழுவார். அண்ணன் கொடுக்கவில்லை. ஜூனில் ஒரு புயல் வந்தது, மழை மட்டும் பெய்தது. ஜூலையில் இரண்டு வந்தன. அவற்றிலும் மழை மட்டும். மூன்றாவது புயலுக்குப் பிறகு ஊர்ஷா கிணற்றடியில் அண்ணியிடம், "சுடாமலும் போகுதுபோல" என்று தாழ்ந்த குரலில் சொன்னாராம். அண்ணன் அதை எனக்குக் கடிதத்தில் எழுதினார். அவர் எழுதியவற்றில் சந்தோஷமான கடிதம் அதுதான்.

ஆகஸ்ட் பத்தொன்பதாம் தேதி அவர் தோட்டத்தின் கீழ்க்கோடியில் இருந்தார். நான் அன்று ஊரில் இருந்தேன், அவருக்குப் பக்கத்தில் நின்று முட்டுக்கழி ஊன்றிக்கொண்டிருந்தேன். மேற்கே வானம் பச்சையும் கறுப்புமாக மாறிக்கொண்டிருந்தது. திடீரென்று மேலிருந்து வேட்டுச் சத்தம். எங்கள் பீரங்கி.

நாங்கள் ஓடினோம். பூட்டு கோடாலியால் பிளக்கப்பட்டுக் கிடந்தது. உள்ளே காஷ்பர் தனியாக. இடது கையால் மருந்துப் பையைப் பிடித்து, வலது கையின் இரண்டு விரலில் இடிகோலைச் செருகிக்கொண்டு, புகை வந்துகொண்டிருந்த இரும்பில் அடுத்த மருந்தைக் கொட்டப் போனார். மிச்ச நெருப்பை அணைக்க உள்ளே ஈரத்துணி விடவில்லை. இரும்பு ஆறவில்லை. ஒரு காது செத்து, வேட்டில் மற்றதும் அடைத்திருந்ததால் நாங்கள் கத்தியதும் அவருக்குத் தெரியவில்லை.

அண்ணன் பாய்ந்து கோலைப் பிடுங்கினார். காஷ்பர் அவர் சட்டையைப் பற்றிக்கொண்டு, "சுடுடா! என்னைச் சுடவிடு, இல்லே நீ சுடு!" என்று கதறினார். அவரை வெளியே இழுத்துவிட்டாலும் திரும்பி வருவார் என்பது இரண்டு பேருக்குமே தெரியும்.

அண்ணன் ஈரத்துணியை உள்ளே விட்டுத் துடைத்தார். மெதுவாக எண்ணினார். மருந்து போட்டார். சுட்டார்.

நாற்பத்தொரு வேட்டுகள். நான் எண்ணினேன். முதல் துளி விழுவதற்கு அரைமணி நேரத்துக்கு முன்பே தொடங்கி, ஒன்றுகூடத் தவறாமல். அவரைவிட நன்றாக யாரும் சுட்டிருக்க முடியாது. இருபத்தேழாவது வேட்டின்போது குடிசைக் கூரையில் கற்கள் விழத் தொடங்கின. வால்நட் அளவு இருந்தன. பதினைந்து நிமிஷம் பெய்தது. சரிவில் ஒரு குலையும் மிஞ்சவில்லை, ஒரு இலையும் முழுசாக இல்லை.

வெள்ளையாகக் கிடந்த தோட்டத்தைப் பார்த்து அண்ணன் என்னிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "இதுக்கு மேல என்னடா வேணும்? சுடாதப்போ மூணு தடவை விழல. சுட்டப்போ விழுந்துடுச்சு. இப்பவாவது புரிஞ்சுக்குவாங்க." தன் வருஷம் முழுக்க அழிந்து கிடக்கும்போது அவர் முகத்தில் கிட்டத்தட்ட நிம்மதி இருந்தது.

அடுத்த ஞாயிறு மதுக்கடையில் என்ன நடந்தது தெரியுமா?

"மூணு தடவை மேகத்தைச் சும்மா விட்டுட்டான். அது வழி கத்துக்கிச்சு," என்றார் ஒருவர்.

"நம்பிக்கை இல்லாதவன் கையால சுட்டா ஏறுமா?" என்றார் இன்னொருவர்.

ஊர்ஷா கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனைக் கேட்டார்: "உதவாது உதவாதுன்னு சொன்னவன் நீ, கடைசியில நீயே ஏன் ஓடிப்போய்ச் சுட்டே? நாற்பது வேட்டு சுட்டியாமே. உதவாதுன்னா எதுக்கு?"

அவரிடம் பதில் இருந்தது. பதில் மூலையில் உட்கார்ந்து, இரண்டு விரலால் குவளையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டை உடைத்தது யாரென்று காஷ்பர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அண்ணன் அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு ஊர்ஷாவிடம், "பயந்துட்டேன்" என்றார்.

"அப்படி வா வழிக்கு!" என்று கடை முழுக்கச் சிரித்தது. சிலர் தட்டிக்கொடுத்தார்கள். அவரை மன்னித்துவிட்டார்கள். நான் எழுந்து பேசப் போனேன். அண்ணன் மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தி உட்கார வைத்தார். எனக்கு அன்று வந்த கோபம் காஷ்பர்மேலா, ஊர்மேலா, அண்ணன்மேலா என்று இன்றும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதன்பிறகு ஒன்பது கோடைகள் அண்ணன் அந்தப் பீரங்கியைச் சுட்டார். வேறு யாரையும் குடிசைக்குள் விடவில்லை. அதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. "நான் உயிரோட இருக்கிறவரைக்கும் இந்தக் கோலை இன்னொருத்தன் தொடக்கூடாது." ஊர் அதைப் பெருமையாக எடுத்துக்கொண்டது. எவ்வளவு பொறுப்பு, பாரேன்! அவர் பாதி மருந்துதான் போட்டார். ஒவ்வொரு வேட்டுக்கும் முன் துடைத்தார், நூறு எண்ணினார். மற்ற ஊர்களில் பீரங்கிகள் ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து நின்றுபோயின. எங்களுடையது நிற்கவில்லை, ஏனென்றால் எங்களுடையது ஒழுங்காகப் பராமரிக்கப்பட்டது. அவருடைய கவனம்தான் அதைச் சாகவிடாமல் வைத்திருந்தது. இதை நான் அவரிடம் ஒரு முறை சொன்னேன். "தெரியும்டா" என்றார். "ஆனா ஒருத்தன் கையும் போகல இல்ல?"

ஒவ்வொரு வருஷமும் அறுவடைக்குப் பிறகு கூட்டத்தில் எழுந்து, "இது உதவாது, நிறுத்திடலாம்" என்பார். எல்லாரும் அன்போடு சிரிப்பார்கள். "லோவ்ரோவோட பாட்டு ஆரம்பிச்சாச்சு" என்று அவர் குவளையை நிரப்புவார்கள். கேலியையாவது தாங்கலாம். இந்த அன்பை எப்படித் தாங்கினாரோ தெரியவில்லை.

பிறகு போர் வந்தது. முதல் இலையுதிர்காலத்திலேயே ராணுவம் வெடிமருந்தை எடுத்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பிறகு கோயில் மணியையும் உருக்கக் கழற்றிக்கொண்டு போனார்கள். நான்கு கோடைகள் எங்கள் மேட்டில் வேட்டும் இல்லை, மணியும் இல்லை. அண்ணன் 1905இல் ஒரே ஒரு கோடை கேட்டார். கேட்காமலே நான்கு கிடைத்தது. அந்த நான்கிலும் ஒரே ஒரு முறை ஆலங்கட்டி விழுந்தது. யாராவது அதைக் கவனித்துச் சொல்வார்கள் என்று அவர் காத்திருந்தார். மதுக்கடைக்குப் போய் உட்கார்ந்து, பேச்சை அந்தப் பக்கம் திருப்பிப் பார்ப்பார். யாருக்கும் வானத்தைப் பார்க்க நேரமில்லை. தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார் என்பது இறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இருபது கோடைகளின் ஒவ்வொரு புயலும் தேதியோடு பென்சிலில் எழுதியிருந்தது. கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி: சுட்டவை, பதினைந்து கோடை, நான்கு முறை விழுந்தது. சுடாதவை, ஐந்து கோடை, ஒரு முறை. 1905ஐ அவர் சுட்ட கணக்கில்தான் சேர்த்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பிறகு பார்த்தால் அந்த வருஷத்தின் முதல் மூன்று புயல்களைச் சுடாத வரியிலும் ஆகஸ்ட் புயலைச் சுட்ட வரியிலும் பிரித்து வைத்து, ஓரத்தில் விளக்கியிருந்தார். எந்தப் பக்கமும் சாய்ந்துவிடக்கூடாது என்று அவ்வளவு கவனம்.

மார்ச் மாதம் காஷ்பர் என்னைப் பார்க்க வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணன் உட்காரும் நாற்காலியைத் தவிர்த்து, பெஞ்சில் உட்கார்ந்தார். அண்ணி அவருக்கு ஒயின் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார்.

"தம்பி, புதுசா சர்க்கார் வந்திருக்கு. ராணுவக் கிடங்குல மருந்து மூட்டை மூட்டையா கிடக்காம். ஒரு மனு எழுதிக் குடுக்கணும். நீ படிச்சவன். லோவ்ரோ பேரைப் போட்டு எழுதினா மறுக்க மாட்டாங்க."

"அவர் இது வேண்டாம்னு பதினாலு வருஷம் சொன்னாரே காஷ்பர் அண்ணே."

"அவன் சொல்லுவான். ஆனா சுட்டான்ல?"

நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்து கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். அவர் கண்ணுக்குக் கிட்டே வைத்து, உதடு அசைய, இரண்டு முறை படித்தார். அண்ணன் பதினான்கு வருஷமாகக் காத்திருந்தது இந்த ஒரு நிமிஷத்துக்குத்தான் என்று தோன்றியது.

"நாலு வருஷம் சுடாமலே ஒரு தடவைதான் விழுந்திருக்கு," என்றார் மெதுவாக.

"ஆமா."

"ஏன்னு யோசிச்சியா?"

"ஏன்?"

"தெற்கே போர்முனையில ராத்திரி பகலா எத்தனை ஆயிரம் பீரங்கி சுட்டாங்க. இங்கே ஜன்னல் கண்ணாடி ஆடுச்சே. அதுலதான் மேகமெல்லாம் கலைஞ்சிருக்கு. இப்போ அதுவும் நின்னுபோச்சு தம்பி. அதனாலதான் அவசரம்."

அவர் நோட்டை மூடி, பத்திரமாக மேசைமேல் வைத்தார். கேலி இல்லை. நிஜமாகவே கவலையோடு சொன்னார்.

நான் எழுத முடியாது என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவர் எழுந்து கதவு வரை போய்த் திரும்பினார்.

"எழுதலேன்னா அவன் பேருக்கு என்ன மிச்சமிருக்கு, சொல்லு."

"உங்க தோட்டத்துல நிக்கிற ஒவ்வொரு செடியும் அவர் ஒட்டுக்கட்டிக் குடுத்தது."

"செடியா?" அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. "செடி தானா வளருது. அதுக்கு என்ன?"

மனுவை மாவட்ட அலுவலகக் குமாஸ்தா ஒருவர் எழுதிக் கொடுத்தார். அண்ணனின் பெயர் மூன்று இடத்தில் வந்ததாம். மே மாதக் கடைசியில் மருந்து வந்தது. சுடுவதற்கு ஊர்ஷாவின் மருமகன் மிஹேலைத் தேர்ந்தெடுத்தார்கள். போர்முனையில் மூன்று வருஷம் பீரங்கிப் படையில் இருந்து, ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பியவன். அண்ணன் இறந்து நான்கு மாதம்தான் ஆகிறது. கோல் இன்னொருவன் கைக்குப் போய்விட்டது.

நேற்று மாலை மேற்கே கறுக்கத் தொடங்கியதும் நான் மேலே போனேன். அவனைத் தடுக்க வேண்டும் என்றுதான் ஏறினேன். பாதி வழியில் நோட்டுப் புத்தகம் சட்டைப் பைக்குள் இருப்பது நினைவுக்கு வந்தது. காஷ்பரின் முகமும் கூடவே வந்தது. குடிசைக்குள் மிஹேல் சட்டையைக் கழற்றிவிட்டு, சுறுசுறுப்பாக மருந்துப் பைகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பத்து விரல்களும் கறுப்பு.

"வாங்க மாமா! எனக்கு இதெல்லாம் பழக்கம்தான். பாருங்க, நிமிஷத்துக்கு ரெண்டு வேட்டு விடுறேன்."

நோட்டை நான் வெளியே எடுக்கவில்லை. மூலையிலிருந்த வாளியைப் பார்த்தேன். காய்ந்திருந்தது. கிணற்றுக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்து, துணியை நனைத்து, அவன் கையில் கொடுத்தேன்.

"ஒவ்வொரு வேட்டுக்கும் முன்னாடி இதை உள்ளே விட்டுத் துடை. துடைச்சதும் நூறு எண்ணு. எண்ணாம மருந்து போடாதே."

அவன் சிரித்தான். "நூறு எண்ணி முடிக்கிறதுக்குள்ள மேகம் போயிடுமே மாமா?"

"போனா போகட்டும்" என்றேன்.